பால் வழியே வந்த அயோடின்

தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 சிகிச்சை பெறவிருப்போரும் அவர்தம் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு: செர்னோபிலில் குழந்தைகளுக்கு இந்நோயை உண்டாக்கியதும் இதே பொருள்தானே? ஆம், இதே பொருள்தான். நாங்கள் அளந்து தரும் மிகுந்த அளவு, அறுவைக்குப் பின் எஞ்சிய தைராய்டு செல்களை அழித்துவிடுகிறது. அங்கோ, செல்களைச் சிதைத்தும் உயிரோடு விட்டுவைக்கும் அளவில் அது குழந்தைகளின் சுரப்பியில் சேர்ந்தது. சேர்ந்த வழி பெரும்பாலும் பால்.

1986 ஏப்ரல் 26 அன்று அணு உலை வெடித்தபின், காற்றில் கலந்த அயோடின் புல்வெளிகளில் படிந்தது. பசு நாள்தோறும் பரந்த நிலத்தை மேய்வதால், அங்கெல்லாம் மெல்லியதாய்ப் படிந்தது ஒரே மடியில் வந்து சேர்கிறது. குழந்தையின் தைராய்டு மிகச் சிறியது. குழந்தை குடிக்கும் பாலோ அதிகம். பாலின் நிறமும் மணமும் சுவையும் மாறுவதில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், கதிரியக்கம் சாகாது. ஆகவே கருவியால் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அளந்து அறிந்தால் செய்யக்கூடியது நிறையவே உண்டு. அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் 8 நாட்கள். 80 நாட்களில் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பாலைப் பவுடராக்கிச் சேமித்து வைத்தாலே போதும். 1957-இல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தபோது, சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைக் கீழே கொட்டினார்கள். செர்னோபில் விபத்தின்போது போலந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடின் மருந்து அளித்ததுடன், புதிய பால் கொடுப்பதையும் கட்டுப்படுத்தியது. விபத்து நிகழ்ந்த சோவியத் மண்ணில், பல ஊர்களுக்கு எச்சரிக்கை உரிய காலத்தில் சென்று சேரவில்லை. 2005 வரை பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா ஆகியவற்றின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், அன்று சிறுவராயிருந்தோருள் 6,000-க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவர்களுள் கணிசமானோருக்கு அப்பாலே காரணம். இறந்தோர் 15 பேர். ஏனையோர் சிகிச்சையால் பிழைத்தனர் என்பதை எங்கள் நோயாளிகள் கருத்தில் கொள்ள வேண்டும்.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் விபத்து நேர்ந்தபோது, அம்மாதமே அங்கு கறந்த பாலின் விற்பனை நிறுத்தப்பட்டது. அடுத்து எஞ்சியது சீசியம்-137. அதன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டுகள். சேமித்து வைத்துக் காத்திருப்பது இதற்கு உதவாது. எனவே 2012 அறுவடை முதல் அம்மாகாணத்து அரிசியை மூட்டை மூட்டையாக, ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி மூட்டைகள், கருவியில் ஏற்றி அளந்தனர். பயிர் சீசியத்தை உறிஞ்சாதிருக்க வயல்களில் பொட்டாசியம் உரமும் இட்டனர். 2015 அறுவடை முதல் ஒரு மூட்டைகூட வரம்பைத் தாண்டவில்லை. காட்டுக் காளானும் காட்டுப்பன்றி இறைச்சியும் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை; காட்டுக்கு உரமிடுவார் யார்?

அந்த வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல்; பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50. ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச் சிதைவு. இயற்கைப் பொட்டாசியத்தால் மட்டுமே வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 4,000 பெக்கரல் எப்போதும் உள்ளது. ஆகவே 101 நஞ்சு, 99 அமுது என்று கொள்ளலாகாது. ஆண்டு முழுதும் உண்டாலும் தீங்கு நேராதபடி மிகத் தாழ்த்தி வைக்கப்பட்ட கோடு அது.

பசுவின் மடி செய்வதையே தாயின் மார்பும் செய்கிறது. அயோடினை ஈர்த்துப் பாலில் சேர்க்கிறது. ஆதலால் பாலூட்டும் தாய்மார்கள் அயோடின் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே அதை எங்களிடம் தெரிவிக்க வேண்டும். சிகிச்சைக்குப் பல வாரங்கள் முன்னரே பாலூட்டுவதை நிறுத்த வேண்டியிருக்கும். அக்குழந்தைக்கு மீண்டும் தாய்ப்பால் தர இயலாது. பின்னர் பிறக்கும் குழந்தைக்குத் தடையின்றித் தரலாம்.