நெல் மூட்டை காத்திருப்பது ஏன்? வழங்கற் சங்கிலி பற்றிய முதற் பாடம்

ஒரு பண்டம் விளைந்த இடத்தினின்று புறப்பட்டு, அதனை உண்போர் கைக்கு வந்து சேரும் வரையில், அது கடக்கும் கைகளையும் தங்கும் இடங்களையும் செல்லும் வழிகளையும் ஒன்றாகச் சேர்த்து நோக்கி ஒழுங்குபடுத்துவதற்கென ஒரு சாஸ்திரம் இக்காலத்தில் ஏற்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குச் 'சப்ளை செயின் மானேஜ்மெண்ட்' என்று பெயர். தமிழில் வழங்கற் சங்கிலி மேலாண்மை எனலாம். 1982-ல் கீத் ஆலிவர் என்னும் தொழில் ஆலோசகர் ஒரு பத்திரிகைப் பேட்டியில் இப்பெயரை வழங்கியதிலிருந்து அது பரவிற்று என்பர். பெயர்தான் புதிது, காரியம் பழையது. நெல்லைக் குதிரில் கொட்டி, விதைக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, விற்பனைக்கு இவ்வளவு எனப் பிரித்து வைத்த நம் பாட்டிமார், பெயர் அறியாமலே இதனை நடத்தி வந்தவர்கள்தாம்.

அமெரிக்காவிலுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2015-ல் இச்சாஸ்திரத்தில் இணையவழிப் பாடத்தொகுதி ஒன்றை அறிவித்து, உலகில் எவரும் வீட்டிலிருந்தே பயிலும்படி செய்தது. நம் நாட்டிலும் 2017-ல் தொடங்கப்பெற்ற 'ஸ்வயம்' என்னும் அரசாங்கத் தளத்தில் இத்தகைய பாடங்களைப் பெறலாம். நமது குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதெல்லாம் வீண்பொழுது என்று எண்ணிவிட வேண்டாம். சிலர் இதனைப் படிப்பவராகவும் இருக்கக்கூடும். ஆனால் அப்பாடங்களில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகளையும் பெரிய அங்காடிகளையும் பற்றியவை. ஆதலின் அவற்றின் தொடக்கப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, நாம் அனைவரும் அறிந்த நெல்லின் மீது ஏற்றிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கிலியும் அதன் கண்ணிகளும்

வயலில் அறுவடையான நெல் களத்திற்கு வருகிறது. களத்தினின்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்குப் போகிறது. அங்கே தூற்றி, ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ வீதம் சாக்கில் பிடித்து எடை போடுகிறார்கள். பின்னர் லாரி ஏறிக் கிடங்கிற்கும், அங்கிருந்து அரைவை ஆலைக்கும் செல்கிறது. ஆலையில் 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசியாயின் 67 கிலோவும், புழுங்கலரிசியாயின் 68 கிலோவும் திரும்ப வரவேண்டும் என்பது சர்க்கார் விதித்த அளவு. அரிசி மீண்டும் கிடங்கிற்கு வந்து, முடிவில் நியாயவிலைக் கடையை அடைகிறது. இவ்வேலையை நடத்தும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-ல் ஏற்படுத்தப்பட்டது.

சங்கிலியில் ஓடுவது சரக்கு மட்டுமன்று. பணம் எதிர்த்திசையில் ஓடி விவசாயியின் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. மூன்றாவதாகச் செய்தியும் ஓடுகிறது. எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் நடவாயிற்று, அறுவடை எப்போது, எத்தனை சாக்கு வேண்டும், எத்தனை லாரி வேண்டும் என்பனவே அச்செய்தி. இம்மூன்றில் கண்ணுக்குப் புலப்படாதது செய்தியே; ஆயினும் மற்ற இரண்டும் தடைப்படுவது பெரும்பாலும் அது பிழைபடுவதால்தான்.

காத்திருக்கும் கணக்கு

குறுவை அறுவடை முடியும் வேளையும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையும் அடுத்தடுத்து வருவன. நிலையத்து வாயிலில் குவிந்த நெல் மழையில் நனைந்து முளை கண்டதைத் தஞ்சைப் பகுதியில் பார்க்காதவர் அரிது. இந்நிலையில் விவசாயி கேட்கும் கேள்வி ஒன்றே: 'என் நெல்லுக்கு என்றைக்கு முறை வரும்?' இதற்கு விடை கூறும் எளிய விதியை ஜான் லிட்டில் என்னும் பேராசிரியர் 1961-ல் நிரூபித்தார். ஓர் இடத்தில் சராசரியாகத் தங்கியிருக்கும் சரக்கின் அளவு, நாளொன்றுக்கு அங்கிருந்து வெளியேறும் அளவையும் ஒவ்வொன்றும் தங்கும் நாட்களையும் பெருக்கியதற்குச் சமம் என்பதே அவ்விதி.

ஒரு நிலையத்தில் நாளொன்றுக்கு 800 மூட்டை எடை போடப்படுவதாகவும், நாள்தோறும் புதிதாக 800 மூட்டை வருவதாகவும், வாயிலில் 4,000 மூட்டைக்குரிய நெல் குவிந்து கிடப்பதாகவும் கொள்வோம். 4,000-ஐ 800-ஆல் வகுத்தால் 5 நாள். இன்று வருபவர் ஐந்தாம் நாள் எடை போடலாம். இது தாங்கக்கூடியதே.

ஆனால் அந்நிலையத்திலிருந்து லாரிகள் நாளொன்றுக்கு 600 மூட்டையே ஏற்றிச் செல்கின்றன என்க. எடை போட்டவற்றில் 200 மூட்டை ஒவ்வொரு நாளும் உள்ளே தேங்கும். உள்ளே 3,000 மூட்டைக்கே இடமிருந்தால் 15 நாளில் இடம் நிரம்பிவிடும். அதன் பின்னர், எடை போடுவோர் எவ்வளவு சுறுசுறுப்பாயிருப்பினும், லாரி ஏறும் 600 மூட்டைக்கு மேல் எடை போட முடியாது. வாயிலில் கிடப்பது நாளொன்றுக்கு 200 வீதம் வளர்ந்து, இன்னும் 10 நாளில் 6,000 ஆகும். 6,000-ஐ 600-ஆல் வகுத்தால் 10 நாள். ஐந்து நாளாயிருந்த காத்திருப்பு இரட்டிப்பாகிறது. எடைமேடையில் ஒரு குறைவும் நேரவில்லை.

இவ்விடத்தில் பலரும் கேட்பது, இன்னொரு தராசும் இன்னும் சில ஆட்களும் வேண்டும் என்பதே. அதைச் செய்து பார்ப்போம். எடை 1,600 மூட்டையாக உயரும்; லாரி 600-தான் ஏற்றும்; நாளொன்றுக்கு 1,000 மூட்டை உள்ளே தேங்க, மூன்றே நாளில் இடம் நிறைந்துவிடும். நான்காம் நாள் மீண்டும் 600-க்கு வந்து நிற்போம். வாயிலில் நனைய வேண்டிய நெல் உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் நனையும். விவசாயிக்கு இதனால் லாபம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எடை போட்ட நெல்லின் நஷ்டம் சர்க்காரைச் சேர்ந்தது. ஆனால் தானியம் கெடுவதைப் பொறுத்தமட்டில் பயன் யாதுமில்லை.

எலியாகு கோல்ட்ராட் என்பவர் 1984-ல் எழுதிய 'தி கோல்' என்னும் நவீனத்தில் விளக்கிய கருத்து இதுவே: சங்கிலி முழுவதன் வேகமும் அதன் மிகக் குறுகிய கண்ணியின் வேகமேயாகும், ஏனைய கண்ணிகளை அகலமாக்குவது குவியலை இடம் மாற்றுமேயன்றிக் குறைக்காது. ஆகவே மனு எழுதுவோர், தராசைப் பற்றி எழுதுமுன் லாரியை எண்ணிப் பார்ப்பது நன்று. லாரி போதிய அளவு வருமாயின், கிடங்கில் இறக்குமிடத்தில் அவை எத்தனை நாள் நிற்கின்றன என்பதையும் விசாரிக்க வேண்டும்.

அறுவடை இயந்திரங்கள் வந்தபின் இத்தொல்லை மிகுந்திருக்கிறது. ஆட்கள் அறுத்த காலத்தில் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக வந்த நெல், இப்போது ஒரு கிராமம் முழுவதிலிருந்தும் சில நாட்களுக்குள் வந்து இறங்குகிறது. இயந்திரத்தைக் குறை கூறுவது வீண். ஒரே வாய்க்காலில் பாயும் நிலக்காரர்கள் நாற்றுவிடும் நாளையும் இரகத்தின் வயதையும் சற்று மாற்றி அமைத்துக்கொண்டால் வரத்து பரவலாகும்.

சாக்கும் சாட்டையும்

செய்தி பிழைபடுவதற்குச் சாக்குப் பையே நல்ல உதாரணம். தானியத்தைச் சணல் சாக்கில் கட்டுவதற்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அச்சாக்குகளில் பெரும்பகுதி வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரை ஆலைகளிலிருந்து வருவது. நம் நெல்லின் சங்கிலி, பார்க்கப்போனால், வங்காளத்துச் சணல் வயலில் தொடங்குகிறது.

இவ்வருஷம் சாக்குக்குத் தட்டுப்பாடு என்றொரு வதந்தி கிளம்புகிறது என வைத்துக்கொள்வோம். 10,000 சாக்கு வேண்டிய நிலையம், கேட்டதில் பாதியே வரும் என அஞ்சி 20,000 கேட்கும். அதற்கு மேலிடம் எல்லா நிலையங்களின் கணக்கையும் கூட்டி, தன் பங்கிற்கும் சிறிது சேர்த்து அனுப்பும். ஆலைக்குப் போய்ச் சேரும்போது தேவை பூதாகாரமாகத் தோன்றும். பிறகு சாக்கு வந்திறங்கியதும் கேட்டவர்கள் வாயடைத்துப் போவர். மிகுதி கிடங்கில் கிடந்து எலிக்கு இரையாகும். கைப்பிடியில் சிறிது அசைத்தாலும் நுனியில் பேரடியாக விழும் சாட்டையைப் போன்றதாகையால், இதற்குச் சாட்டையடி விளைவு என்று பெயர். இதன் இயல்பை ஜே ஃபாரஸ்டர் 1961-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1997-ல் ஹௌ லீ முதலிய மூவர் இதன் காரணங்கள் நான்கை எடுத்துக் கூறினர்; தட்டுப்பாட்டை எதிர்பார்த்து மிகையாகக் கேட்பது அவற்றில் ஒன்று. யூரியா விஷயத்தில் நாமும் இதையே செய்கிறோம் என்பதை விவசாயிகள் தம் வீட்டுத் திண்ணையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு மருந்து மெய்யான எண்ணிக்கை. இங்கேதான் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் முக்கியமாகிறது. நெல் விற்க வருபவர் நிலமும் பயிரும் தம்முடையவை எனக் காட்டும் சான்றாக மட்டும் அதனை எண்ணுகிறார்கள். சங்கிலியின் கண்கொண்டு நோக்கின், அடுத்த மாதம் எந்த நிலையத்திற்கு எத்தனை மூட்டை வரும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கும் ஓலை அதுவே. வயலைப் பாராமல் சென்ற ஆண்டுப் பதிவைப் பிரதி செய்தால், அப்பிழை சாக்கிலும் லாரியிலும் ஏறிக்கொண்டு மேலே போகிறது.

பயிற்சி

வாசகர்கள் தங்கள் ஊர் நிலையத்திற்குச் சென்று நான்கு எண்களைக் குறித்துக்கொள்க: நேற்று வந்த மூட்டை, எடை போட்டது, லாரி ஏறியது, உள்ளே மிச்சமுள்ள இடம். இடத்தை, எடைக்கும் லாரிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் நிலையம் எத்தனை நாளில் நிரம்பும் என்பது தெரியும். விடை மழை எதிர்பார்க்கும் நாளுக்கு முன்னதாயிருந்தால், அக்கணக்கையே காகிதத்தில் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பலாம். 20 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ நெல் 17 சதவிகிதத்திற்கு உலரும்போது சுமார் 96.4 கிலோவாகும் என்பதையும் உடன் கணக்கிட்டுப் பார்க்கவும்; குறைந்த 3.6 கிலோவும் தண்ணீரே.