மூளையிடம் பாடம் கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு

1. மூளையின் உருவத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது எந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்திருக்கிறது என்று கேளுங்கள்.

2. முதலில் மறதியைப் படியுங்கள். என்னைக் கேட்டால், மூளையைப் பார்த்துச் செயற்கை நுண்ணறிவை அமைக்கும் இத்துறையில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஒரு செயற்கை நியூரல் நெட்வொர்க்குக்கு ஒரு வேலையைப் பழக்குங்கள். பிறகு வேறொன்றை மட்டும் பழக்குங்கள். முதல் வேலை பெரும்பாலும் அழிந்துபோகும். ஆய்வாளர்கள் மெக்லாஸ்கியும் கோஹனும் 1989இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். சைக்கிள் பழகும் குழந்தைக்கு நடை மறப்பதில்லையே, ஏன்?

விடை தேட, ஹென்றி மோலைசன் என்ற நோயாளியைப் பற்றிப் படியுங்கள். வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த அறுவைச் சிகிச்சையில் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸின் கணிசமான பகுதி, இரு பக்கமும், அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி ஏறக்குறைய எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. ஆனால் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாமல், நாளுக்கு நாள் அவர் கை தேறியது! நினைவு ஒரே இடத்தில் ஒரே விதமாக இருப்பதில்லை. ஹிப்போகாம்பஸ் சட்டென்று பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டுகிறது, பெருமூளைப் புறணி அதிலிருந்து மெல்லக் கற்கிறது என்று மெக்லெலண்ட் குழுவினர் 1995இல் விளக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வில்சனும் மெக்நாட்டனும் எலிகளில் அப்படி மறுபடி ஓட்டுவதன் அடையாளம் ஒன்றைக் கண்டிருந்தார்கள்: விழித்திருந்தபோது சேர்ந்து இயங்கிய ஹிப்போகாம்பஸ் நியூரான்கள், பின்னர் தூக்கத்திலும் சேர்ந்து இயங்கின. அதுபோலவே, அட்டாரி வீடியோ ஆட்டங்களைக் கற்ற டீப்மைண்ட் நிறுவனத்தின் நிரலும் பழைய அனுபவங்களைச் சேமித்து, கலைத்துப்போட்டுத் திரும்பத் திரும்பப் பயின்றது.

3. கொடுப்பது மூளை மட்டும் என்று எண்ணாதீர்கள்; கணினியியலும் மூளை ஆய்வுக்குக் கொடுக்கிறது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து கற்கும் கணக்கைக் கணினி அறிஞர் சட்டன் 1988இல் எழுதினார். குரங்குகளின் டோபமைன் நியூரான்கள் காட்டிய துடிப்பை 1997இல் ஷுல்ட்ஸ், டயன், மான்டேக் மூவரும் அதே கணக்கைக் கொண்டு விளக்கினார்கள். அதனால் கணிதத்தையும் உடலியலையும் சேர்த்தே படியுங்கள்.

4. மூளையில் இல்லை என்பதற்காக நல்ல முறையைக் கைவிடாதீர்கள். பிழையைப் பின்னோக்கி அனுப்பித் திருத்தும் பேக்பிராப்பகேஷனை மூளை அப்படியே செய்வதாகச் சான்று இல்லை. ஆனாலும் இன்றைய செயற்கை நுண்ணறிவு பெரும்பாலும் அதைக் கொண்டுதான் பயில்கிறது.

5. மூளையிலிருந்து எடுத்த யோசனையை நீக்கிவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடிவு மாறவில்லையென்றால் கட்டுரையில் மூளையின் பெயரை எழுதாதீர்கள்.

6. புதிய வேலையில் வாங்கிய மதிப்பெண்ணோடு நிறுத்தாதீர்கள். எல்லாம் கற்றபின் முதல் வேலையை மறுபடி கொடுத்துச் சோதியுங்கள். அந்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வெளியிடுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.