நாணய விளையாட்டு யந்திரமும் உரிமமும்

நாணயம் இட்டதும் திரையில் உருவங்கள் அசையும் விளையாட்டு யந்திரத்தை நேயர்கள் பார்த்திருக்கக்கூடும். அதில் மதிப்பு மிக்க உறுப்பு எது? பெட்டியா, திரையா, அல்லது யந்திரத்தை நடத்தும் கட்டளைத் தொகுதியா? அமெரிக்காவின் மிட்வே கம்பெனியின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக்குகிறது.

பிறர் படைப்பும் புதிய உறுப்பும்

இக்கம்பெனி 1958-இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கப்பெற்றது; 1969-இல் பாலி நிறுவனத்தின் வசமாயிற்று. ஜப்பானிய டைட்டோ நிறுவனத்தின் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு உரிமம் பெற்று, 1975-இல் 'கன் ஃபைட்' என்ற பெயரில் வெளியிட்டது. மூல யந்திரத்தின் மின்சுற்றுக்கள் அந்த ஒரு விளையாட்டுக்கென்றே அமைக்கப்பட்டவை. மிட்வே யந்திரத்திலோ இன்டெல் 8080 என்னும் நுண்செயலி இடம்பெற்றது. விளையாட்டின் விதிகள் நினைவுச் சில்லில் எழுதப்பட்ட கட்டளைகளாயின.

அடுத்து 1978-இல், டைட்டோவின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை மிட்வே உரிமம் பெற்று அமெரிக்காவில் பரப்பியது. இதில் 55 பகையுருவங்கள் உள. நுண்செயலி அவற்றை ஒவ்வொன்றாக முறைவைத்து நகர்த்துகிறது. சுடப்பட்டு அவை குறையக் குறைய, எஞ்சியவற்றின் முறை விரைவில் வருகிறது. ஆகவே அவற்றின் வேகமும் மிகுகிறது.

வழக்கும் தீர்ப்பும்

பின்னர் நாம்கோ நிறுவனத்தின் 'கேலக்ஸியன்', 'பேக்-மேன்' விளையாட்டுக்களும் உரிமத்தின் பேரில் மிட்வேக்குக் கிட்டின. கட்டளைகள் சில்லில் இருப்பதால் அவற்றைப் பிரதி எடுப்பது எளிது. ஆர்ட்டிக் என்னும் நிறுவனம் இவ்விளையாட்டுக்களை ஒத்தும் விரைவுபடுத்தியும் இயக்கும் மின்சுற்றுப் பலகைகளை விற்றது. ஆடுவோனின் கைவண்ணத்தால் ஒவ்வொரு முறையும் காட்சி மாறுவதால், அது நிலைபெற்ற படைப்பாகாது என்று அந்நிறுவனம் வாதிட்டது. 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆடுவோன் புதிதாக எதையும் இயற்றுவதில்லை. சில்லில் முன்னரே அமைந்த காட்சிகளுள் சிலவற்றைத் தெரிந்தெடுக்கிறான் என்பதே தீர்ப்பின் கருத்து.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டு, கணிப்பொறி நிரல்கள் இலக்கியப் படைப்புக்களுள் சேர்க்கப்பட்டன. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம், திருட்டுப் பிரதியென அறிந்தே அதனைக் கணிப்பொறியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க வகைசெய்தது. படைப்பாளர் விரும்பின் புது டில்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் தம் நிரலைப் பதிவு செய்யலாம், பதிவு கட்டாயமன்று.

எனவே, யந்திரத்தை விலைக்கு வாங்கியவர் பெட்டிக்கும் சில்லுக்கும் உடைமையாளராகிறார். பாதுகாப்புக்கென எடுத்து வைக்கும் மாற்றுப் பிரதி நீங்கலாக, கட்டளைத் தொகுதியைப் பெருக்கி விற்கும் உரிமை அவருக்கு வந்துவிடுவதில்லை. மிட்வே 2009-இல் நொடிப்பு மனு அளித்தது. அதன் சொத்துக்களுள் பெரும்பகுதியை வார்னர் நிறுவனம் வாங்கிற்று. விற்பனைக்கு வந்தவற்றுள் முதன்மையானவை விளையாட்டுக்களின் உரிமைகளே என்பது இங்குக் கருதத்தக்கது.