அறைக்குள் ஒரு மூடுபனி

தில்லிக்கு வந்த முதல் மார்கழியில் எனக்கு விளங்காத புதிர் ஒன்று இருந்தது. வெளியே, எதிரில் வருபவர் முகம் தெரியாத மூடுபனி. அறைக்குள்ளோ உதடு வெடிக்கிறது, மூக்கு காய்கிறது, விடியுமுன் தொண்டை வறண்டு விழிப்பு வந்துவிடுகிறது. இவ்வளவு ஈரத்துக்கு நடுவே வறட்சி எங்கிருந்து வந்தது?

குற்றவாளி ஹீட்டர்தான். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிவிடுவதாக நம்மில் பலர் நினைப்பது சரியன்று. 8 டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 8 கிராம். 25 டிகிரிக்குச் சூடானால் 23 கிராம் வரை தாங்கும். உள்ளே இருப்பதோ பழைய 8 கிராம்தான். ஆகவே வெளியே நூற்றுக்கு நூறாயிருந்த ஈரப்பதம் அறைக்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அந்தக் காற்றின் தாகம் நம் தோலிலும் தொண்டையிலும் வந்து தீர்கிறது.

இதற்கு மாற்றாகச் சிறிய ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கினேன். விடுதி அறைகளில் பலரும் வைத்திருக்கும் வகைதான். அதனுள் இருக்கும் சிறு தகடு விநாடிக்குப் பதினேழு லட்சம் முறை அளவில் அதிர்ந்து, நீரைப் புகைபோன்ற நுண்திவலைகளாகச் சிதறடிக்கிறது. நீர் கொதிப்பதில்லை என்பதை நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டும். கொதித்து ஆவியானால் உப்பும் அழுக்கும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். சிதறும்போது நீரில் உள்ளவை யாவும் திவலையோடு வெளியேறும்.

நான் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்தேன். ஒரே வாரத்தில் மேசை, புத்தகம், மூக்குக் கண்ணாடி எங்கும் வெண்தூள்! யாரோ பக்கத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்துதான் அது. மேசையில் படிந்தது நெஞ்சுக்குள்ளும் போயிருக்குமே என்ற எண்ணம் அப்புறந்தான் வந்தது.

பிறகு நான்கு நாள் வெளியூர் போய்வந்து, தொட்டியில் நின்ற நீரோடு அப்படியே இயக்கினேன். அறை முழுதும் பாசி நாற்றம். தொட்டிக்குள் விரல் விட்டால் வழவழப்பு. இத்தகைய நீரின் திவலையைச் சுவாசித்து வரும் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருத்துவத்தில் ‘ஹியூமிடிஃபையர் காய்ச்சல்’ என்றே பெயர் உண்டு.

“இரண்டு சொட்டுக் கிருமிநாசினி விட்டுவிடு தம்பி, சரியாய்ப் போய்விடும்” என்றார் மாடியறை அண்ணன். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் இதே யோசனை தென்கொரியாவில் வீடுவீடாகச் சாவைக் கொண்டுவந்தது. அங்கே 1994 முதல் 2011 வரை, தொட்டி நீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினி கடைகளில் விற்றது. குழந்தைக்கு நல்லதென்று நம்பிப் பெற்றோர் ஊற்றினர். 2011-ல் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற பெண்களும் காரணம் தெரியாத கடும் நுரையீரல் நோயுடன் சியோல் மருத்துவமனை ஒன்றுக்கு வந்தனர். ஆராய்ந்ததில் பழி அந்த மருந்தின்மேல் வந்து நின்றது. அவ்வாண்டே விற்பனை நிறுத்தப்பட்டது. பாதிக்கப்பட்டோர் என அந்நாட்டரசு ஏற்றுக்கொண்டவர்கள் 5,000க்கும் மேல். மாண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். தொட்டியைக் கழுவுவதற்கு ஏற்ற மருந்தாயினும், மூச்சில் போனால் வேறு கதை.

அதனால் என் தொட்டியில் இப்போது தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. தைலமும் வாசனை எண்ணெயும்கூடக் கிடையாது. தண்ணீரும் ஆர்.ஓ. நீர்தான், காய்ச்சி வடித்த நீர் கிடைத்தால் இன்னும் நல்லது. வெறுமனே காய்ச்சிய நீரில் கிருமி சாகும், உப்பு போகாது. தினமும் காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிச்ச நீரைக் கொட்டித் துடைத்துக் காயவைக்கிறேன். மூன்று நாளைக்கொருமுறை வினிகர் ஊற்றித் தேய்த்து, வாடை போகும்வரை அலசுகிறேன். சோம்பலாகத்தான் இருக்கிறது, ஆனால் பத்து நிமிஷ வேலை.

அளவு மீறினாலும் தொல்லை உண்டு. ஈரப்பதம் 30 முதல் 50 சதவிகிதத்துக்குள் இருந்தால் போதும். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் சுவரில் பூஞ்சை படரும்.

தேர்வு நெருங்கிக் கழுவ நேரமில்லாத இரவுகளில் நான் கருவியைத் தொடுவதே இல்லை. துவைத்த துண்டை நனைத்துப் பிழிந்து, ஹீட்டருக்கு எட்டாத கொடியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். நீர் மட்டும் ஆவியாகிறது. உப்பு துண்டிலேயே நின்றுவிடுகிறது.