பொன்முடி ஏறும் பைக்குகளுக்கு…

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பொன்முடி. விதுரா வழியாகக் கல்லாறு வரை தெம்பாக வருபவர்களையும், அதற்கு மேல் தொடங்கும் 22 கொண்டை ஊசி வளைவுகள் தயங்க வைத்துவிடும். தயக்கம் போக:

1. காலி மைதானத்தில் முதல் கியரில் ‘எட்டு’ போட்டுப் பழகுங்கள். மெதுவாகப் போகும்போதுதான் வண்டி அதிகம் ஆடும்.

2. ஏற்ற வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள். நடு வளைவில் மாற்றினால் இழுவை போய் வண்டி நின்றுவிடும்.

3. பள்ளத்தைப் பார்க்காமல், வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். பார்வை போகும் பக்கமே வண்டியும் போகும்.

4. ஏற்றத்தில் நின்றால், பின் பிரேக்கை மிதித்தபடியே கிளட்ச்சை மெல்ல விட்டுக் கிளம்புங்கள். வண்டி பின்னால் உருளாது.

5. இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம். இரண்டாவது கியரில் இறங்குங்கள். எஞ்சினே வேகத்தை அடக்கும், பிரேக் சூடேறாது.

6. மறைவான வளைவில் ஹாரன் அடித்து, இடது ஓரமாகவே திரும்புங்கள். எதிரே வரும் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் தேவைப்படும்.

7. குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மலைச்சாலையில் இறங்குபவர்தான் ஒதுங்க வேண்டும் என்பது விதி.

கனமழை நாட்களில் பொன்முடிச் சாலையை மூடிவிடுவது உண்டு. விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.