கம்பி முதலில், டைல்ஸ் கடைசியில்

“தம்பி, டைல்ஸ் இன்னும் முடிவாகல. பொங்கல் கழியட்டும், பார்த்துக்கலாம்.”

மரக்காணம் பக்கம் வீட்டுச் சீரமைப்பு வேலை எடுக்கும் இளம் பொறியாளரும் மேஸ்திரியும் இதைக் கேட்காத மாதம் இருக்காது. ஆள் சும்மா நிற்கும், சிமென்ட் மூட்டை இறுகும், அட்வான்ஸ் கரையும். வீட்டுக்காரர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நாம்தான் கேள்விகளைத் தலைகீழாகக் கேட்கிறோம். பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய நிறத்தை முதல் நாளே கேட்கிறோம். ஒருமுறை மூடினால் திறக்க முடியாத கம்பியைப் பற்றிப் பேசுவதே இல்லை. வரிசையை மாற்றுங்கள், பாதித் தயக்கம் தீரும்.

1. தொகைக்கு முன் தேதி

இங்குள்ள உப்பளத்தில் பருவத்தோடு யாரும் பேரம் பேசுவதில்லை. மழை ஓய்ந்ததும் பாத்தி திருத்துவார்கள், வெயில் முழுக்க உப்பு வாருவார்கள், ஐப்பசி மழைக்குள் குவியலை மூடிவிடுவார்கள். மொட்டை மாடிக்கும் அதே கணக்குதான். தளம் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் கசிவுத் தடுப்புப் பூச்சு பிடிக்கும்; மழைக்காலத்தில் அதை நம்ப முடியாது. 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் என்று இரண்டு புயல்கள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தன. ஃபெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது.

ஆகவே எஸ்டிமேட்டின் முதல் வரியில் இப்படி எழுதுங்கள்: “மாடி வேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டுமானால் ஜூலை 15க்குள் பதில் தேவை. தவறினால் உள்வேலை மட்டும் நடக்கும், மாடி பிப்ரவரியில்தான்.” தள்ளிப்போடுவதன் விலை கண்ணுக்குத் தெரிந்தால் பதில் தானே வரும்.

2. மூடப்படுவதை முதலில் தீருங்கள்

உப்புக்காற்றில் உள்ள குளோரைடு காங்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் தொட்டால் துரு தொடங்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து அது தள்ளத் தள்ள, சன்ஷேடு வெடித்துப் பெயரும். அதன்மேல் பூசி வெள்ளையடித்தால் காசு இரண்டு முறை போகும். உதிரும் பகுதியை முழுக்கக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டிய பிறகே பூச்சு.

புதிதாகக் காங்கிரீட் போடுவதானால் ஐ.எஸ். 456:2000 விதி தெளிவாக இருக்கிறது. கடலோரக் காற்றுக்கு வெளிப்படும் காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரம், கம்பிக்கு 45 மி.மீ. கவர். வழக்கமான 20 மி.மீ. கவர் பிளாக் இங்கே போதாது. கம்பி உள்ள காங்கிரீட்டுக்குக் கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.யைத் தாண்டக்கூடாது. உப்பளத்தை ஒட்டிய கிணற்று நீரைச் சோதிக்காமல் தொடாதீர்கள்.

இதெல்லாம் வீட்டுக்காரரிடம் ‘எது வேண்டும்’ என்று கேட்கும் சங்கதி அல்ல. ‘விதி இது, செலவு இவ்வளவு’ என்று சொல்வது உங்கள் வேலை. அந்தச் சுமையை நீங்கள் ஏற்றால் அவருக்கு யோசிக்க மிச்சம் கொஞ்சம்தான்.

3. முடியுமா என்று முதலில் கேளுங்கள்

கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் இடத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. பழுதுபார்ப்பது வேறு, புது அறை சேர்ப்பது வேறு. மேலே அறை எடுப்பதா வேண்டாமா என்று குடும்பம் மாதக்கணக்கில் வாதாடுவதற்கு முன், அனுமதி கிடைக்குமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். சில விவாதங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

4. யார் சொல்வது இறுதி?

பணம் அனுப்புவது வெளிநாட்டில் இருக்கும் மகன், கையெழுத்து அப்பாவுடையது, அடுப்படியில் நிற்பது அம்மா. மூவரிடமும் மூன்று பதில் வாங்கினால் வேலை நகராது. “ஐயா, மொத்தத் தொகையை நீங்க சொல்லுங்க. சமையல் மேடை உயரத்தை அம்மாதான் சொல்லணும்” என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஒரு பெயர். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள்.

5. கடைக்கு முன் அளவுகோல்

1978இல் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் எல்லா வாய்ப்புகளையும் அலசி ஆகச்சிறந்ததைத் தேடுவதில்லை, தேவைக்குத் தேறுவதைக் கண்டதும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்றார். டைல்ஸுக்கு இதுவே வழி. சதுர அடி விலை, ஈரத்தில் வழுக்காமை, கடையில் போதிய இருப்பு என மூன்று நிபந்தனைகளை வீட்டிலேயே எழுதுங்கள். தேறுகிற மூன்று வகைகளை மட்டும் காட்டி, ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். நான்காவது கடை வேண்டாம்.

6. மனம் மாறினால்

மாறும்; அதற்கும் இடம் வையுங்கள். எந்த நாள் வரை இலவசமாக மாற்றலாம், அதன்பின் என்ன கூடுதல் செலவு என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தை பில் கொடுக்கும்போது சண்டையாகும்.

முதல் சந்திப்புக்குக் கேட்லாக் எடுத்துப் போகாதீர்கள். சுத்தியல், சாக்பீஸ், காலண்டர் போதும். சன்ஷேடைத் தட்டுங்கள், பொத்தென்று ஒலிக்கும் இடமெல்லாம் வீட்டுக்காரர் கண்ணெதிரே வட்டம் போடுங்கள். எதை முதலில் செய்வது என்று அவரே சொல்லத் தொடங்குவார்.