தேற்றாங்கொட்டையும் எட்டிக்கொட்டையும்

தேற்றாவும் எட்டியும் தாவர சாஸ்திரப்படி ஒரே இனத்தைச் சேர்ந்த மரங்கள். முன்னதன் கொட்டை கலங்கிய ஜலத்தைத் தெளிவிப்பது. பின்னதன் கொட்டை ஆளைக் கொல்வது. இரண்டும் ஒரே காட்டில் வளர்வதுண்டு. ஆகையால் இவற்றைப் பிரித்தறிதல் ஒவ்வொரு குடும்பத்தாருக்கும் அவசியமாகும்.

குளத்து ஜலத்தைப் பருகும் வீடுகளில், மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து, ஜலத்தை ஊற்றிச் சில மணி நேரம் அசையாமல் வைப்பது பழைய வழக்கம். கொட்டையினின்று கரையும் பொருள்கள் நுண்ணிய மண்துகள்களை ஒன்றுசேர்த்துக் கனமாக்குவதால் சேறு அடியில் படிகின்றது. ஆனால் தெளிந்த ஜலமெல்லாம் சுத்த ஜலமன்று. காலரா முதலிய வியாதிகளின் கிருமிகள் கண்ணுக்குப் புலப்படா. தெளிந்ததை வடித்துக் கொதிக்கவைத்த பின்னரே பருகவேண்டும்.

இலையைக் கொண்டு அடையாளம் காண முயல்வது வீண். இரு மரங்களிலும் இலைகள் எதிரெதிராக அமைந்து, அடியிலிருந்து மூன்று அல்லது ஐந்து நரம்புகள் ஓடும். பட்டை ஓரளவு உதவும்: தேற்றாவின் பட்டை கறுத்துத் தடித்து ஆழமாக வெடித்திருக்கும், எட்டியின் பட்டை சாம்பல் நிறமாய் மெல்லியதாயிருக்கும். ஐயமறத் தெரிவிப்பவை பழமும் கொட்டையுமே. எட்டிப்பழம் சிறு ஆரஞ்சு அளவினது. பழுத்தால் செம்மஞ்சள் நிறம். கடின ஓட்டினுள் வெண்ணிறக் குழம்பான சதையும், அதில் பதிந்த சில கொட்டைகளும் இருக்கும். தேற்றாம்பழம் மிகச் சிறியது, பழுத்தால் கறுக்கும், பெரும்பாலும் ஒரே கொட்டைதான். எட்டிக்கொட்டை சட்டைப் பொத்தானைப் போல் தட்டையாய், ஏறக்குறைய ஓர் அங்குல அகலமுள்ளதாய், பட்டுப் போன்ற சாம்பல்நிற மயிர் படிந்திருக்கும். தேற்றாங்கொட்டையோ அரை அங்குலத்துக்கு உட்பட்டு, உருண்டு, வெளிர் மஞ்சளாயிருக்கும். கசக்கின்றதா என்று நாவில் வைத்துப் பார்ப்பது ஆபத்தான சோதனை. அதை ஒருவரும் செய்யலாகாது.

எட்டியின் முக்கிய விஷத்துக்கு ஸ்டிரிக்னைன் என்று பெயர். 1818-ல் பிரெஞ்சு ரசாயன நிபுணர்களான பெல்லெத்தியேயும் காவந்துவும் இதை முதன்முதல் பிரித்தெடுத்தனர். அது நரம்புகளைத் தாக்கும். உண்டவருக்குச் சிறிது நேரத்திலேயே தாடை இறுகி, முதுகு வில்லாய் வளைந்து, இழுப்பு உண்டாகும். அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவை இழுப்பை அதிகப்படுத்தும். சுவாசம் தடைப்பட்டு மரணம் நேரும். கசப்பு அதிகமாயினும், பழத்தின் நிறம் குழந்தைகளைக் கவரக்கூடியது. ஆகையால் மனைக்கருகில் உதிரும் பழங்களை நாள்தோறும் பெருக்கி அகற்றவேண்டும். எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்து மருந்தாக்குவது தேர்ந்த வைத்தியரின் வேலை. வீட்டுக் கைமருந்துக்கு உரியதன்று.

ஒருவர் உண்டுவிட்டால் உப்பு நீரூட்டி வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. அதனாலேயே இழுப்பு தொடங்கலாம். கூச்சலும் கூட்டமும் இன்றி, மிச்சமுள்ள பழத்தையோ கொட்டையையோ உடன் எடுத்துக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

காட்டு விளைபொருள்களைச் சேகரித்து விற்கும் சங்கங்கள் இவ்விருவகைக் கொட்டைகளையும் ஒரே களத்தில் உலர்த்துதல் தகாது. சாக்கும் முறமும் தனித்தனியே இருத்தல் வேண்டும். எட்டி மூட்டையின் மேல் எழுத்தறியாதாரும் உணரும்படி சிவப்புக் குறியிட்டு, தானியக் கிடங்குக்கு அப்பால் பூட்டி வைப்பது சங்க நிர்வாகிகளின் பொறுப்பாகும்.